நீலத் திருகுக்குச் சாயம் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கத்துப் பழைய வீடுகளில் தாத்தா காலத்துப் பாக்கெட் கடிகாரங்கள் இன்னும் அலமாரிக்குள் இருக்கின்றன. இரண்டு பருவமழையும் மூடுபனியும் படும் மலை இது. பின்மூடியைத் திறந்தால் திருகுத் தலைகளில் துருப் புள்ளிகள். பல கடிகாரங்களில் இந்தத் திருகுகள் நீல நிறமாக இருந்தவை. அந்த நீலத்தை மீட்கிறேன் என்று சிலர் துப்பாக்கிக் குழலுக்குப் பூசும் மருந்தைத் தடவுகிறார்கள். பேனா மை தடவுவோரும் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மருந்தில் வருவது கறுப்பு கலந்த மங்கல் நிறம். அதிலுள்ள அமிலம் மரைக்குள் தங்கிவிட்டால் துரு இன்னும் வேகமாக ஏறும்.

அந்த நீலம் சாயமே அல்ல. மெருகிட்ட எஃகைச் சூடாக்கும்போது அதன்மேல் படியும் மெல்லிய ஆக்சைடு படலம்தான் நிறம் காட்டுகிறது. படலம் தடிக்கத் தடிக்க நிறம் மாறும். சுமார் 230 டிகிரி செல்சியஸில் வைக்கோல் நிறம், 260-ஐ ஒட்டிச் செம்பழுப்பு, 280-ஐ ஒட்டிக் கத்தரிப்பூ, 300-ஐ நெருங்கும்போது கருநீலம். 320-ஐத் தாண்டினால் வெளிறிச் சாம்பலாகும்.

எல்லாக் கடிகாரத்திலும் திருகு நீலமாக இருந்ததில்லை. வெள்ளையாக மெருகிட்டு விட்டவையும் ஏராளம். தலையின் அடிப்பக்கத்திலும் மரையிலும் நீலத்தின் மிச்சம் இருக்கிறதா என்று முதலில் லென்ஸில் பாருங்கள். எந்தத் திருகு எந்தத் துளைக்கு உரியது என்று குறித்துக்கொள்ளுங்கள். கிரௌன் வீல் (சாவி கொடுக்கும்போது சுழலும் பல்சக்கரம்) திருகு பல கடிகாரங்களில் வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். தெரியாமல் எதிர்ப்பக்கம் முறுக்கினால் தலை முறிந்துவிடும்.

வேலையில் முக்கால் பங்கு மெருகுதான். திருகை ஆடாமல் பிடிப்பானில் பொருத்தி, 1000, 2000 எண் உப்புத்தாளில் பழைய நீலத்தையும் துருவையும் எடுத்து, பிறகு துத்தநாகத் தகட்டில் 1 மைக்ரான் வைரப் பசை வைத்துத் தேய்க்க வேண்டும். துருக்குழியை நீலம் மறைக்காது, எடுத்துத்தான் காட்டும். அடுத்து ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கழுவ வேண்டும். அதன்பின் விரல் படக்கூடாது, சாமணம் மட்டுமே. விரல் எண்ணெய் பட்ட இடம் நீலத்தில் திட்டாக நிற்கும்.

சின்னப் பித்தளைத் தட்டில் பித்தளைத் தூளை நிரப்பி, அடியில் ஸ்பிரிட் விளக்கைச் சிறு சுடராக வையுங்கள். நம் மலையில் தூளே ஈரம் இழுத்திருக்கும். திருகை வைக்குமுன் வெறும் தூளை நன்றாகக் காயவிடுங்கள், இல்லையேல் ஆவி பட்டுப் புள்ளி விழும். பிறகு தலை மட்டும் வெளியே தெரிய, சாயாமல் நேராகத் திருகை நடுங்கள். சாய்ந்தால் ஒரு பக்கம் நீலம், மறுபக்கம் கத்தரிப்பூ. சிறிய திருகு முந்திக்கொள்ளும் என்பதால் அளவு வேறானவற்றைச் சேர்த்து வைக்க வேண்டாம். மஞ்சள் பல்பு நிறத்தைப் பொய்யாகக் காட்டும். சன்னலோரப் பகல் வெளிச்சமே நல்லது.

வைக்கோல் நிறம் வரப் பொறுமை வேண்டும். செம்பழுப்புக்குப் பின் எல்லாம் சில நொடிகளில் நடந்துவிடும். கத்தரிப்பூ நீலமாகத் திரும்பும்போதே எடுத்துக் குளிர்ந்த உலோகக் கட்டையில் போடுங்கள். உள்ளே மிஞ்சிய சூடே மீதியை முடிக்கும். தப்பிச் சாம்பலானால் திரும்ப மெருகிலிருந்து தொடங்க வேண்டியதுதான். ஒவ்வொரு முறையும் தலை தேய்ந்து, ஸ்க்ரூ டிரைவர் பொருந்தும் வெட்டின் ஆழம் குறைவதால் இதை அடிக்கடி செய்ய முடியாது. நேர்ச் சுடரில் காட்டிச் சிவக்க விட்டால் எஃகு இளகி, அடுத்த முறை ஸ்க்ரூ டிரைவர் வைத்ததும் வெட்டு சிதைந்துபோகும்.

முன்னும் பின்னும் ஆடி நேரத்தைச் சீராக்கும் பேலன்ஸ் சக்கரத்தின் விளிம்பில் உள்ள சிறு திருகுகளை மட்டும் தொடவே கூடாது. அவற்றின் எடை இம்மி மாறினாலும் கடிகாரம் நேரம் தவறும்.

வெப்பத்தில் வந்த நீலமும் துருவை முழுதாகத் தடுக்காது. கடிகாரத்தை சிலிக்கா ஜெல் பையோடு மூடிய டப்பாவில் வையுங்கள். மழை மாதங்களில் அந்தப் பையை அடிக்கடி காயவைத்து மாற்றுங்கள். பழுதுபார்க்கக் கொடுக்கும்போது, திருகுக்குச் சூடு காட்டுவீர்களா, மருந்து பூசுவீர்களா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

இப்படிக்கு,
பழைய கடிகார ஆர்வலர்கள்,
குன்னூர், நீலகிரி.