விஷம் வைக்காதே, நான் வருகிறேன்

மன்னார்குடி
மாசி 25

அன்பு மகளுக்கு,

நேற்று ராத்திரி நீ அனுப்பிய ஐந்து போட்டோவையும் காலையில் திண்ணையில் உட்கார்ந்து பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். கடலைச்செடி சாய்ந்து கிடக்கிறது, வேரடியில் பறித்த குழி, பக்கத்திலேயே உரித்துப் போட்ட தோல். எலிதான், சந்தேகமே வேண்டாம். போனில் உன் குரல் கம்மிப்போனதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. மார்கழிக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் குனிந்து குனிந்து விதை ஊன்றியதைக் கூட இருந்து பார்த்தவள் நான். போனில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும், அதனால் எழுதுகிறேன். படித்துவிட்டு மாப்பிள்ளையிடமும் கொடு.

எலி மருந்து வாங்கி வைத்திருப்பதாகச் சொன்னாயே, அந்தப் பொட்டலத்தைப் பிரிக்காதே. ஏன் என்று அப்புறம் சொல்கிறேன்.

எலி ஏன் வந்தது என்பதை முதலில் தெரிந்துகொள். உன் நிலத்தைச் சுற்றி நாலு பக்கமும் நெல்வயல். பொங்கலையொட்டி எல்லாரும் சம்பா அறுத்துவிட்டார்கள். அங்கே இருந்த எலிக்கு இன்று தீனியும் இல்லை, ஒளிய மறைவும் இல்லை. மதுராந்தகத்து வெயிலில் அந்தப் பக்கம் பச்சையாக நிற்பது உன் அரை ஏக்கர் ஒன்றுதான், அதுவும் காய் முற்றுகிற கடலை. வராமல் என்ன செய்யும்?

வந்தது தங்கிவிட்டதற்குக் காரணம் உங்கள் வரப்பு. மாப்பிள்ளை ஜேசிபி வைத்து மூன்றடி அகலத்துக்கு வரப்புப் போட்டார், பேத்தி சைக்கிள் ஓட்டலாம் என்று. அன்றைக்கே சொல்ல நினைத்தேன். ஆசையாகச் செய்கிறாரே என்று வாயை மூடிக்கொண்டேன், அது என் தப்பு. வரப்பு அகலமாகவும் உயரமாகவும் இருந்தால் எலி உள்ளே குடித்தனமே நடத்தும். குட்டி போட ஓர் அறை, தீனி சேர்க்க ஓர் அறை, தப்பி ஓட ஒரு வழி என்று எல்லாவற்றுக்கும் இடம் கிடைக்கும். ஒன்றரை அடி அகலம், ஓர் அடி உயரம் போதும். கடலை பிடுங்கியதும் வரப்பைச் செதுக்கிக் குறைத்துவிடுங்கள்.

நம் வீட்டு வரப்பை வெட்டிய நாள் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? உனக்கு ஏழு வயது. தாளடி நெல் கதிர் வாங்கியிருந்தது. எலி பிடிக்கிறவர் வந்து வரப்போரம் குத்தவைத்து, மண்ணைக் கையில் எடுத்து நசுக்கிப் பார்த்தார். ஈரமும் பொலபொலப்பும் இருந்தால் ராத்திரி தள்ளிய மண் என்றார். கலயத்தில் வைக்கோலைத் திணித்து நெருப்பு வைத்து, வாயை வளையோடு சேர்த்து அழுத்தி, அடியில் இருந்த ஓட்டை வழியாக ஊதினார். பத்தடி தள்ளிப் புல்லுக்குள்ளிருந்து நூல் மாதிரி புகை எழுந்தது. அங்கே ஓட்டை இருப்பதே அதுவரை நம் கண்ணில் படவில்லை. அதை மண்ணால் அடைத்துவிட்டுத்தான் மண்வெட்டியை எடுத்தார். உள்ளே வைக்கோலைக் கிழித்துப் போட்ட மெத்தையில் கண் திறக்காத குட்டிகள், ரோஜா நிறத்தில் எட்டோ ஒன்பதோ. அதற்கும் கீழே ஒரு குழி நிறையக் கதிர், ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருந்தது. நீ முறத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாய். முறம் நிறைந்து வழிந்தது. ஒரே ஒரு வளை அது.

ஓர் எலி தின்பதைவிடச் சேர்ப்பது அதிகம். சினை பிடித்து மூன்று வாரத்தில் குட்டி போடும், ஒரு ஈற்றில் ஆறு, எட்டு. அந்தக் குட்டிகளும் மூன்று மாதத்தில் குட்டி போடத் தயார். அதனால் பத்தில் எட்டைப் பிடித்துவிட்டு ஓய்ந்து உட்கார்ந்தால் ஆடிக்குள் பழையபடி நிறைந்துவிடும்.

இப்போது விஷத்துக்கு வருகிறேன். நீ அந்த நிலத்துக்குப் போவது சனியும் ஞாயிறும். மற்ற ஐந்து நாள் அங்கே ஆள் இல்லை. ஆள் இல்லாத நிலத்தில் விஷம் வைக்கவே கூடாது, கண்ணு. ஜிங்க் பாஸ்பைடு என்கிற எலி மருந்தை வைப்பதென்றால் இரண்டு மூன்று நாள் விஷமில்லாத பொரியை வைத்துப் பழக்க வேண்டும். 49 பங்கு தானியம், ஒரு பங்கு எண்ணெய், ஒரு பங்கு மருந்து என்று கலப்பது அதற்கு அப்புறம்தான். பழக்காமல் வைத்தால் எலி கொஞ்சம் கடித்துப் பார்க்கும், வயிறு புரட்டும், பிறகு அந்த வாசத்தையே கிட்டச் சேர்க்காது. செத்ததைத் தினமும் விடியலில் பொறுக்கிப் புதைக்க வேண்டும். இதையெல்லாம் வாரம் ஒருமுறை போகிறவள் எப்படிச் செய்வாய்?

ரத்தம் உறையாமல் செய்கிற கேக் மருந்து சாது என்று கடைக்காரர் சொல்லியிருப்பார். நம் வீட்டுக்கும் அப்படித்தான் வந்தது. நீ காலேஜில் இருந்த வருஷம், உன்னிடம் முழுதாகச் சொல்லவில்லை. அந்த மருந்தைத் தின்ற எலி உடனே சாகாது. நாலைந்து நாள் தள்ளாடிக்கொண்டு பகலிலேயே வெளியே திரியும். நம் நாய் மணி அதைப் பிடித்துத் தின்றிருக்கிறான். ஈறில் ரத்தம் கசிந்தது, எழுந்திருக்கவே முடியவில்லை. கால்நடை டாக்டர் வைட்டமின் கே ஊசி போட்டு, மூன்று வாரம் மாத்திரை கொடுத்துக் காப்பாற்றினார். புன்னை மரத்துக் கூகை பிழைக்கவில்லை. வெள்ளை முகமும் திறந்த கண்ணுமாக மரத்தடியில் கிடந்தது. எதனால் செத்தது என்று யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. ஆனால் உன் அப்பா அதை எடுத்துப் புதைத்துவிட்டு, மிச்சமிருந்த மருந்தைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகு அவர் இருந்தவரை எங்கள் வயலில் விஷம் வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.

அந்தக் கேக்குக்காவது மாற்று மருந்து இருக்கிறது. ஜிங்க் பாஸ்பைடுக்கு இல்லை. தமிழ்நாட்டில் தடை செய்த எலி பேஸ்ட், மஞ்சள் பாஸ்பரஸ் கலந்தது, அதற்கும் இல்லை, ஈரலையே அழித்துவிடும். பேத்தி அந்த நிலத்தில் கையில் கிடைத்ததையெல்லாம் எடுத்துப் பார்த்துக்கொண்டு ஓடுகிற பிள்ளை. இதற்கு மேல் நான் என்ன சொல்ல?

உனக்குக் கையில் இருப்பது இரண்டு நாள். எலி வேலைக்கு அதுவே சரியான கணக்கு. சனிக்கிழமை சாயங்காலம் வரப்பு, வேலியோரம், தென்னையடி எல்லாம் சுற்றி வந்து கண்ணில் பட்ட வளையை எல்லாம் மண் போட்டு மிதித்து அடைத்துவிடு. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் போய்ப் பார். எது திறந்திருக்கிறதோ அதில்தான் எலி இருக்கிறது. நாற்பது ஓட்டை தெரிந்தாலும் ஆறேழுதான் திறந்திருக்கும். அவற்றை மட்டும் வெட்டினால் போதும். கையை மட்டும் உள்ளே விடாதே. எலி காலி செய்த வளையில் நல்லபாம்பு படுத்திருக்கும். சாரை தென்பட்டால் விட்டுவிடு, கடித்தாலும் விஷம் கிடையாது, எலி பிடிப்பதில் அதற்கு இணை இல்லை. அதை அடித்துக் கொன்றுவிட்டு எலி கூடிவிட்டதே என்று புலம்புகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபமாக வரும்.

உங்கள் பக்கம் இருளர் குடும்பங்கள் இருக்கின்றன. வளை வெட்டுவதில் அவர்களுக்குத் தெரிந்தது எனக்கும் தெரியாது, விவசாய ஆபீசருக்கும் தெரியாது. கேட்ட கூலியைக் கொடு, பேரம் பேசாதே. வளையிலிருந்து கிடைக்கும் கடலை அவர்களுக்கு.

மூங்கிலில் கயிறு கட்டிச் செய்கிற கிட்டியும் பொறியும் சனி சாயங்காலம் வைத்து ஞாயிறு விடியலில் எடுத்துவிட வேண்டும். வாரம் முழுக்க வைத்துவிட்டுப் போனால் கீரி, ஓணான் மாட்டிக்கொண்டு துடிக்கும். பொறிக்குக் கருவாடு வை, தேங்காய்ச் சில்லைச் சுட்டும் வைக்கலாம்.

தென்னை மட்டை கிடந்தால் அடிப்பக்கம் மேலே இருக்கும்படி தலைகீழாக நட்டு வை. உன் நிலத்துக்கு எட்டுப் பத்து போதும். ராத்திரி ஆந்தை வந்து உட்காரும், உட்கார்ந்த இடத்திலிருந்து எலியைப் பார்க்கும்.

கோழித் தீவனத்தைச் சாக்கில் வைத்திருக்கிறீர்களே, அதை மூடி போட்ட தகர டிரம்முக்கு மாற்று. ராத்திரி தட்டில் மிச்சம் வைக்காதே. வேலி மூலையில் குவித்த தென்னை மட்டை, உரிமட்டை எல்லாம் எலிக்கு மெத்தை. சொட்டுநீர்க் குழாயைக் கடித்துவிட்டது என்றாயே, எலிக்கு முன்பல் வளர்ந்துகொண்டே இருக்கும், எதையாவது கொறிக்காமல் இருக்காது. பயிர் இல்லாதபோது குழாயைச் சுருட்டிக் கொட்டகையில் தொங்கவிடு. கடலை பிடுங்குகிற அன்றைக்கே காயை ஆய்ந்து வீட்டுக்குக் கொண்டு வா, ஒரு ராத்திரிகூட வயலில் போட்டு வைக்காதே.

மாப்பிள்ளைக்குப் பித்தவெடிப்பு இருக்கிறது. வெறுங்காலோடு சேற்றில் இறங்க வேண்டாம் என்று சொல். எலி மூத்திரம் கலந்த தண்ணீர் வெடிப்பு வழியாகப் போனால் எலிக்காய்ச்சல் வரும். பூட்ஸ் வாங்கிக் கொடு. செத்த எலியைக் கையால் தொடாதீர்கள். யாருக்காவது காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் டாக்டரிடம் முதலில் வயலுக்குப் போனதைச் சொல்லுங்கள்.

பக்கத்து நிலத்துக்காரர்களிடம் இந்த வாரமே பேசிவிடு. நீ மட்டும் பிடித்தால் அடுத்த வரப்பிலிருந்து புதுசு வரும். அவர்களுக்கும் அடுத்த பட்டத்துக்கு இதே தொல்லைதான், நல்லபடியாகக் கேட்டால் ஒரே நாளில் சேர்ந்து வெட்ட ஒத்துக்கொள்வார்கள்.

வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்ஸுக்கு டிக்கெட் போடச் சொல்லியிருக்கிறேன். உன் அப்பா வைத்திருந்த மூங்கில் கிட்டியில் பன்னிரண்டு நன்றாக இருக்கிறது, கயிறு மட்டும் புதிதாகக் கட்டிக் கொண்டு வருகிறேன். மண்வெட்டிக்குக் காம்பு ஆடுகிறது என்றாயே, மாப்பிள்ளையை ஆப்பு அடித்து வைக்கச் சொல். பேத்திக்கு ஒரு முறம் எடுத்து வை.

அம்மா