ஹட்டன்காரிக்குக் கொழும்பிலிருந்து

அன்புள்ள தோழி,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. காலையில் வகுப்பு, மத்தியானம் கிளினிக், அப்புறம் 138 பஸ்ஸில் நின்றுகொண்டே புறக்கோட்டை. அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்துக் கொட்டாஞ்சேனை போர்டிங்குக்கு வந்து சேர்ந்தால் பேனா பிடிக்கத் தெம்பு இருப்பதில்லை.

பல் கிளீன் பண்ணுவதில் அப்படி என்னதான் படிக்க இருக்கிறது என்று கேட்டிருந்தாய். அம்மாவும் இதையேதான் கேட்கிறார். கைவேலை பழகிவிட்டது. சின்னக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே பல்லில் இறுகிய காரையைச் சுரண்டும் ஸ்கேலரை ஓட்டுவது, பக்கத்துப் பல்லில் விரலை ஊன்றிக்கொள்வது, கருவி மழுங்கியிருந்தால் காரை பெயராமல் மேற்பரப்பு மட்டும் வழவழப்பாகி நம்மை ஏமாற்றும் என்பது எல்லாம் செய்யச் செய்ய வந்துவிடும். கதிரையில் படுத்திருக்கும் ஆளைச் சமாளிப்பதுதான் பெரிய பாடமாக இருக்கிறது.

வருகிற பாதிப் பேர் வாயைத் திறப்பதற்கு முன்பே மன்னிப்புக் கேட்கிறார்கள். "பிள்ளை, ரொம்ப அசிங்கமா இருக்கும்" என்பார்கள். கிளினிக்குக்கு வரும் அன்று காலையில் மட்டும் முரட்டுத்தனமாகப் பல் விளக்கி, ஈறெல்லாம் புண்ணாக்கிக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. எங்களோடு படிக்கும் ஒருத்தி ஓர் அம்மாவைப் பார்த்து, "எத்தனை வருஷமா இப்படியே விட்டு வச்சிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டாள். அந்த அம்மா தலையாட்டிக் கேட்டுக்கொண்டார், அடுத்த தவணைக்கு வரவேயில்லை. திட்டு வாங்கிப் பல் விளக்கக் கற்றுக்கொண்டவர் யாரையும் நான் இதுவரை பார்க்கவில்லை.

இன்னொரு விஷயம். காரையை எடுத்த பிறகு, "பல்லுக்கு நடுவுல ஓட்டை விழுந்துடுச்சு, பல் ஆடுது" என்று சண்டைக்கு வருவார்கள். உண்மையில் வீங்கியிருந்த ஈறு வற்றுகிறது, காரை அடைத்துக்கொண்டிருந்த இடைவெளி வெளியே தெரிகிறது, அவ்வளவுதான். கொஞ்ச நாளைக்குக் குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசவும் செய்யும். இதை வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும் என்று எங்கள் மேடம் ஓயாமல் சொல்வார். முன்னால் சொன்னால் விளக்கம், பின்னால் சொன்னால் சாக்கு.

போன மாதம் அடுத்தடுத்து இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் புறக்கோட்டையில் மூட்டை தூக்கும் நாட்டாமை, நம்ம மஸ்கெலியா பக்கம். வாய் முழுக்க வெற்றிலைக் கறை, கீழ் முன்பற்களின் உள்பக்கம் காரை கல்லாக இறுகிக் கிடந்தது. எச்சில் சுரப்பி அங்கே திறப்பதால் அந்த இடத்தில் சீக்கிரம் படியும். ஆனால் ஈறுக்கும் பல்லுக்கும் இடையே அளவுக்கம்பியை விட்டுப் பார்த்தால் எங்கேயும் 3 மில்லிமீட்டரைத் தாண்டவில்லை, நல்ல ஈறுக்கு உள்ள ஆழம்தான். ஒரு பல்கூட ஆடவில்லை. அடுத்தவர் வெள்ளவத்தையிலிருந்து வந்த வங்கி உத்தியோகத்தர். இரண்டு வேளையும் விளக்குகிறார், இடுக்குகளுக்கு நூலும் போடுகிறார். பார்க்கப் பளிச்சென்ற பற்கள்தான், ஆனால் கடைவாயில் கம்பி 7 மில்லிமீட்டர் உள்ளே போனது. அவருடைய அம்மாவுக்கும் சின்ன வயதிலேயே பல் எல்லாம் விழுந்துவிட்டதாம். சீனி வியாதி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி மேடம் அனுப்பினார்.

இதை ஏன் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன் என்றால், எங்கள் பாடத்தில் ஓர் ஆய்வு வருகிறது. 1970-இல் ஹரால்ட் லோ என்ற நார்வேக்காரரும் அவர் குழுவும் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த 480 ஆண்களின் வாயைப் பரிசோதிக்கத் தொடங்கி, 15 வருஷம் தொடர்ந்து பார்த்தார்கள். பிரஷ் பிடித்தே பழக்கமில்லாத, பல் டாக்டரிடம் போகாத ஆட்கள். 1986-இல் வெளியான முடிவு இது: 8 சதவீதம் பேருக்கு ஈறு நோய் வேகமாக முற்றி, 45 வயதுக்குள் அநேகமாக எல்லாப் பற்களும் போயின. 81 சதவீதம் பேருக்கு நிதானமாகக் கூடியது. மிச்சம் 11 சதவீதம் பேருக்கு ஈறு வீக்கத்தைத் தாண்டி ஒன்றும் ஆகவில்லை.

வகுப்பில் எல்லோரும் 8, 81, 11 என்று பரீட்சைக்குக் குறித்துக்கொண்டார்கள். எனக்கு மட்டும் மனசு அங்கேயே நின்றுவிட்டது. நம் தாத்தா, பெரியப்பா வயதுக்காரர்கள்டி! பிரஷ்ஷும் டாக்டரும் எட்டாத தோட்டத்து லயத்து வீடுகளில் கிடந்ததால்தானே அப்படி ஓர் ஆய்வே நடத்த முடிந்தது? இப்படி நம்ம ஆட்களின் கதை உலகப் பாடப்புத்தகத்தில் ஏறியிருப்பதற்குப் பெருமைப்படுவதா என்று இன்னும் எனக்குப் புரியவில்லை. ஆனால் ஒன்று பிடிபட்டது. அழுக்கு ஒன்றாக இருந்தாலும் உடம்புக்கு உடம்பு அது செய்யும் வேலை வேறு. ஒருத்தர் வாயை அவருடைய நடத்தைச் சான்றிதழாகப் படிக்கக் கூடாது. விளக்க வேண்டாம் என்று அர்த்தமில்லை, நூற்றுக்கு அந்த 11 பேரில் நாம் இருக்கிறோமா என்று யாருக்குத் தெரியும்?

சரி, உன் அப்பா விஷயம். கன்னத்தின் உள்பக்கம் வெள்ளையாக இருக்கிறது, காரம் பட்டால் எரிகிறது என்று போகிற போக்கில் எழுதியிருந்தாய். எனக்கு அது சின்ன விஷயமாகப் படவில்லை. மூன்று விரலை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து அவர் வாய்க்குள் போகிறதா என்று பார், வாய் சரியாகத் திறக்கிறதா என்று அதில் தெரியும். இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணோ, தேய்த்தும் போகாத வெள்ளைத் திட்டோ இருந்தால் காட்டியே ஆக வேண்டும். வலி இல்லையே என்று விட்டுவிடாதே, ஆரம்பத்தில் வலிக்காது. நம் நாட்டு ஆண்களுக்கு அதிகம் வருவது வாய்ப்புற்றுநோய்தான். "புகையிலையை விட்டுட்டேன், வெறும் வெத்தல பாக்குதான்" என்பார். பாக்கே கெடுதல் என்று சொல். பயமுறுத்திச் சொல்லாதே, அப்புறம் ஒளித்து வைத்துப் போடுவார்.

போட்டோ எடுத்து அனுப்பாதே. அதைப் பார்த்து நான் ஒன்றும் சொல்லக் கூடாது, திட்டைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். டிக்கோயா ஆஸ்பத்திரியில் பல் டாக்டரிடம் கூட்டிப் போ, தேவைப்பட்டால் அவர்களே மேலே அனுப்புவார்கள். போயா லீவுக்கு நான் வரும்வரை காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே போங்கள். மாட்டேன் என்று அடம்பிடித்தால் எனக்கு போன் போட்டு அவர் கையில் கொடு.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரி