சூடை மீன் இருக்கக் கவலை ஏன்?

ஆசிரியர் அவர்களுக்கு,

விலைவாசி ஏறியதும் சத்தான சாப்பாடு நமக்கில்லை என்று எங்கள் பக்கத்துப் பெண்கள் பலர் முடிவு கட்டிவிட்டார்கள். திருகோணமலையில் இருந்துகொண்டு அப்படிச் சொல்லலாமா?

பாரை மீனும் அறக்குளா மீனும் எட்டாத விலைதான். சரி, சூடை இருக்கிறதே! மலிவு என்பதாலேயே அதைத் தாழ்வாக நினைக்கிறோம். முள்ளோடு உண்ணும் சின்ன மீனில் கல்சியம் நிறைய. தலையையும் குடலையும் நீக்கி, கொறுக்காய்ப்புளி, மிளகு, உப்பு சேர்த்து மண்சட்டியில் சிறுநெருப்பில் வற்றவிடுங்கள். முள்ளும் மெத்தென்று வெந்துவிடும். மறுநாள் காலைக்கும் அதே கறி போதும்.

தம்பலகாமத்துச் சிவப்பரிசியைத் தவிடு போகத் தீட்டாமல் வாங்கினால் பசி தாங்கும். பாணுக்கும் பிஸ்கற்றுக்கும் போகிற காசில் பயறோ கௌபியோ அவித்துத் தேங்காய்ப்பூ போடலாம். பிள்ளைகள் முதலில் முகம் சுளிப்பார்கள், அப்புறம் பழகிவிடும்.

2022இல் எரிவாயுவுக்கும் பால்மாவுக்கும் வரிசையில் நின்ற காலத்தில் வளவுக்குள் கத்தரியும் கீரையும் வைத்தோம். நிலைமை தேறியதும் பலர் கைவிட்டுவிட்டார்கள். வளவே இல்லாத வாடகை வீட்டுக்காரர் என்ன செய்வார்கள்? நகரில் சும்மா கிடக்கும் அரச காணிகளில் ஒரு துண்டையாவது அவர்கள் தோட்டம் செய்ய ஒதுக்கித் தரவேண்டும். உங்கள் பத்திரிகையும் வாரம் ஒருமுறை எங்கள் சந்தையின் மீன், மரக்கறி விலைகளை வெளியிட்டால் பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓர் இல்லத்தரசி,
உப்புவெளி, திருகோணமலை.