ஒரு திருகாணிக்கு ஒரு திருப்புளி

பேர்ண்,
ஐப்பசி மாதம்.

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அக்காவின் கண் சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்ததை அறிந்து நிம்மதியடைந்தேன். இங்கே குளிர் தொடங்கிவிட்டது. எனக்கு முழங்கால் வலியைத் தவிர வேறு குறையில்லை.

ஓய்வு பெற்ற பிறகும் நிலவறைப் பட்டறையில் என்னதான் செய்கிறாய், துப்பாக்கிகளோடு உனக்கு என்ன வேலை என்று கேட்டிருந்தாய். நீ அப்படிக் கேட்பது நியாயமே. துப்பாக்கியைக் கண்டால் பின்கதவைத் தேடி ஓடிய காலத்தில் வளர்ந்தவர்கள் நாம். நான் துப்பாக்கி செய்யவுமில்லை, திருத்தவுமில்லை. நூறு ஆண்டுக்கு மேற்பட்ட கைத்துப்பாக்கிகளைப் பழுதில்லாமல் கழற்றித் துடைத்து மீண்டும் பூட்டுவதற்கான கருவிகளை மட்டும், உரிமம் பெற்ற ஒரு திருத்துநருக்காகக் கையால் செய்து கொடுக்கிறேன். அவரிடம் வருபவை பெரும்பாலும் லூகர் வகையைச் சேர்ந்தவை. ஜேர்மன் தரைப்படை அதை 1908இல்தான் எடுத்துக்கொண்டது. அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1900இல், 7.65 மில்லிமீற்றர் அளவில் அதைத் தன் படைக்கு முதன்முதலில் ஏற்றுக்கொண்ட நாடு சுவிற்சர்லாந்துதான். ஆகையால் இந்த ஊரில் தாத்தாவின் அலுமாரியிலிருந்து அது வெளிப்படுவது புதுமையல்ல.

சென்ற மாதம் வந்த ஒன்றைப் பற்றிச் சொல்கிறேன். இந்த வகையில் பிடியின் இரு பக்கமும் உள்ள வால்நட் மரப் பலகைகளை, பக்கத்துக்கு ஒரு திருகாணி வீதம், இரண்டே திருகாணிகள் தாங்கி நிற்கின்றன. அவற்றில் ஒன்றை முன்பு யாரோ கடைத் திருப்புளியால் கழற்ற முயன்றிருக்கிறார். கடையில் வாங்கும் திருப்புளியின் அலகு நுனியை நோக்கி ஆப்புப் போலச் சரிந்து மெலிந்திருக்கும். திருகாணித் தலையில் உள்ள பள்ளத்தின், அதாவது காடியின், சுவர்களோ நேராக நிற்கின்றன. ஆகவே அலகு காடியின் மேல் விளிம்பை மட்டுமே தொடுகிறது. திருப்பும்போது சரிவு அதை மேலே தள்ள, அது வழுக்கி வெளியேறி விளிம்பைக் கிழித்து, மரத்திலும் ஒரு கோடு இழுத்துவிடுகிறது. அந்தத் திருகாணியின் தலையில் உருக்கு உதடுபோலப் பிதுங்கி நின்றது. அரத்தால் ராவித் தள்ளியிருந்தால் உருக்குப் போயே போயிருக்கும். மெல்லிய செப்புத் தகட்டை மேலே வைத்து, உன் நகைவேலைக் கடையில் இருப்பதைப் போன்ற சிறு சுத்தியலால் தட்டித் தட்டி, பிதுங்கியதை அது வந்த இடத்துக்கே திருப்பி அனுப்பினேன். ஒரு மாலைப்பொழுது முழுவதும் அதற்கே சரியாகிவிட்டது.

பிறகு அந்தத் திருகாணிக்கென்றே ஒரு திருப்புளி செய்தேன். காடியின் அகலத்தைத் தகட்டு அளவிகளால் மூன்று இடங்களில் அளந்து, வெள்ளி உருக்குக் கம்பி ஒன்றை எடுத்துக்கொண்டேன். பெயரில்தான் வெள்ளி, பளபளவென்று சாணை பிடித்து விற்பதால் வந்த பெயர் அது. அலகின் இரு முகங்களும் நுனியில் ஒன்றுக்கொன்று இணையாக நிற்கும்படி வல்லோர்ப் ஊர் அரங்களால் ராவினேன். காடியில் பொருத்திப் பார்ப்பதும் இரண்டு இழுப்பு ராவுவதும் மீண்டும் பொருத்துவதுமாகப் போய், கடைசியில் அலகு காடியின் அடிவரை இறங்கி, கையை விட்டாலும் ஆடாமல் நின்றது. அந்த ஒரு கணத்துக்காகத்தான் நான் இந்த வேலையைச் செய்கிறேன் என்று சொன்னால் நீ நம்புவாய்.

பதம் கொடுப்பது உனக்குப் புதிதல்ல. செந்நிறம் ஏறியதும் காந்தத்தை அருகே கொண்டுபோவேன். ஏறக்குறைய 770 பாகை செல்சியசில் உருக்குக் காந்தத்துக்கு இசைவதை நிறுத்திவிடும். அதற்குச் சற்று மேலே போய்ச் சட்டென்று குளிர்வித்துத் துவைத்தால் கண்ணாடிபோல இறுகும். அப்படியே விட்டால் ஒடிந்துவிடும் என்பதால், முகத்தைத் துலக்கி, அலகுக்குப் பின்னாலிருந்து மெல்லச் சூடேற்ற வேண்டும். முதலில் வைக்கோல் மஞ்சள், பிறகு கபிலம், பிறகு ஊதா. ஊதா நீலத்தைத் தொடும் தறுவாயில் நிறுத்தினால் திருப்புளிக்கு ஏற்ற பதம் கிடைக்கும்.

அந்த வைக்கோல் மஞ்சளைப் பற்றி உனக்குச் சொல்லியே ஆகவேண்டும். பெர்லினில் டி.டபிள்யூ.எம். நிறுவனம் செய்த பழைய லூகர்களில் விசை, பாதுகாப்பு நெம்புகோல் போன்ற சிறு பாகங்கள் மட்டும் தேன் நிறத்தில் மின்னும். அது வர்ணமோ பூச்சோ அல்ல. 230 பாகை அளவில் சூடேறிய உருக்கின் மேல் தானாகப் படிந்த ஒட்சைட்டுப் படலந்தான் ஒளியில் அப்படித் தெரிகிறது. என் திருப்புளியில் ஒரு நிமிடம் தோன்றி மறையும் அதே நிறத்தை, அந்தத் தொழிலாளி சரியான நொடியில் நிறுத்திவைத்திருக்கிறார். அது இன்றுவரை நிற்கிறது. துரு நீக்கும் திரவத்தையோ உரைதாளையோ பிடித்துத் தேய்ப்பவர்கள் அதைச் சில நொடிகளில் அழித்துவிடுகிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே மனம் பதறுகிறது.

படைவீரருக்கு உறையோடு ஒரு கருவி கொடுத்திருந்தார்கள். உறையின் மூடிக்குள் அதற்கென ஒரு சிறு பை உண்டு. ஒரு முனை திருப்புளி. மறுபுறம் உள்ள துளையை ரவைக்கூட்டின் குமிழில் மாட்டி அழுத்தினால், விறைப்பான சுருள்வில் எளிதில் இறங்கும். போர்க்களத்துக்கு அது போதுமானது, நூறாண்டு கண்ட உருக்குக்குப் போதாது. சுடு ஊசியின் பின்னால் சுருள்வில்லை அடக்கி நிற்கும் சிறு மூடியை உள்ளே அழுத்திக் கால் சுற்றுத் திருப்பிக் கழற்ற வேண்டும். அலகு வழுக்கினால் மூடி பறந்து, அறையின் எந்த மூலையில் விழுந்தது என்று தெரியாது. ஜேர்மன் படைக்குச் செய்த துப்பாக்கிகளில் பல சிறு பாகங்களிலும் தொடர் எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களைக் குத்தியிருப்பார்கள். வேறொன்றை வாங்கிப் போடலாம், ஆனால் ஒரே எண்ணோடு பிறந்த பாகங்களின் குடும்பம் சிதறிவிடும். ஆகவே அந்த மூடியைத் திருப்பும் அலகைச் சுற்றி ஒரு பித்தளைக் குவளையை லேத்தில் கடைந்து பொருத்தினேன். இப்போது மூடி துள்ளினாலும் குவளைக்குள்ளேயே விழுகிறது.

இடப்பக்கப் பலகையின் மேல் மூலை, பாதுகாப்பு நெம்புகோலை அடுத்து, விரல்நகம்போல மெல்லியது. அவசரத்தில் நெம்பி உடைக்கப்பட்டவை ஏராளம். அதைக் கீழ் விளிம்பிலிருந்து தூக்குவதற்கு மாட்டுக்கொம்பில் ஒரு தட்டையான அலகு சீவி வைத்திருக்கிறேன். கொம்பு மரத்தைக் காயப்படுத்தாது. குறிபார்க்கக் குழல் நுனியில் உள்ள முன்குறியைச் சுத்தியலால் அடிக்காமல் திருகி நகர்த்தும் சட்டம், அமெரிக்கக் கோல்ட் 1911இன் குழல் முனை வளையத்தைத் திருப்பும் சாவி ஆகியவையும் செய்ததுண்டு. அவை எளிய வேலைகள்.

உன் அப்பா கம்பி இழுக்கும் கம்பியச்சைத் தவிர மற்ற எல்லாக் கருவிகளையும் தானே செய்துகொண்டார் என்பதும், அவருடைய சாமணத்தை வேறு யாரும் தொட விடமாட்டார் என்பதும் நினைவிருக்கிறதா? பள்ளி விட்டு வந்து உங்கள் உமி நெருப்புச் சட்டியான உமியோட்டின் அருகே உட்கார்ந்து பார்த்ததுதான் எனக்குக் கிடைத்த முதல் தொழிற்பயிற்சி. சுவிஸ் தொழிற்சாலையில் முப்பது ஆண்டு கருவி செய்தும், நிறம் பார்த்துக் கையை நிறுத்தும் பழக்கத்தை அங்கேதான் கற்றேன்.

அவருடைய மெருகுக்கோலின் நுனி முறிந்துவிட்டதாக எழுதியிருந்தாய். பழைய பிடியை எறிந்துவிடாதே. முறிந்த துண்டை ஒரு தாளில் வைத்து அதன் வளைவைப் பென்சிலால் சுற்றி வரைந்து, பிடிக்குள் போகும் வாலின் தடிப்பையும் அளந்து அனுப்பு. மார்கழிக்கு முன் செய்து, ஊருக்கு வரும் என் மருமகனிடம் கொடுத்துவிடுகிறேன்.

என்றும் உன்,
பழைய வகுப்புத் தோழன்