கூழாங்கல்லுக்கு வண்ணம் வரக் காரணமான எல்லாருக்கும்

ஊர்ப் பெரியவர்களுக்கும், முக்கூடல் சுற்றுவட்டாரத்திலிருந்து உதவிய எல்லாருக்கும் எங்கள் மகளிர் குழுவின் வணக்கம்.

பொங்கலுக்கு நாங்கள் வண்ணம் தீட்டிக் கொடுத்த கூழாங்கற்கள் இப்போது முதியோர் இல்லத்திலும், நம் தெருக்களில் தனியாக இருக்கும் பெரியவர்களின் வீடுகளிலும் இருக்கின்றன. சிலர் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். ஒரு தாத்தா மருந்துச் சீட்டு பறந்துவிடாமல் இருக்க அதன்மேல் வைத்திருக்கிறார். பார்க்கிறவர்கள் எங்களைத்தான் பாராட்டுகிறார்கள். ஆனால் பிரஷ் பிடித்தது மட்டும்தான் நாங்கள். மற்றதெல்லாம் யார் செய்தது என்று ஊருக்குத் தெரிய வேண்டும். பெயர் போட வேண்டாம் என்று பலரும் சொல்லிவிட்டதால் பெயர் இல்லாமலே எழுதுகிறோம். யாரைச் சொல்கிறோம் என்று உங்களுக்கே தெரியும்.

முதலில் கல். "ஆத்துல கெடக்காத கல்லா?" என்றுதான் எல்லாரும் கேட்டார்கள். தாமிரபரணியில் கைவைக்க எங்களுக்கு மனசு வரவில்லை. நல்லகண்ணு ஐயா வழக்குப் போட்டு, 2010-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை மணல் அள்ளத் தடை விதித்த ஆறு அது. மணலுக்கு ஒரு நியாயம், கல்லுக்கு ஒரு நியாயமா? இதைக் கேள்விப்பட்ட மேலத்தெரு அண்ணன், புது வீட்டு முற்றத்தில் போடுவதற்காக வாங்கி மிச்சமான கூழாங்கல்லை மூட்டையாகக் கட்டி, தானே கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார். அண்ணே, நன்றி.

அடுத்து எங்களுக்கு வாத்தியாராக வந்த ஆர்ட்டிஸ்ட் அண்ணன். ஒரு காலத்தில் இந்தப் பக்கத்துக் கடைப் பெயர்ப் பலகைகளில் பாதி அவர் எழுதியவை. ஃபிளெக்ஸ் வந்த பிறகு அந்த வேலை போய்விட்டது. கை மட்டும் அப்படியே இருக்கிறது. கல்லை எடுத்தவுடன் பெயிண்ட் அடிக்கக் கூடாது என்பதிலிருந்து தொடங்கினார். சோப்புப் போட்டு நாரால் தேய்த்துக் கழுவ வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கிடந்த கல் வெளியே காய்ந்த மாதிரி தெரிந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும், அதன்மேல் அடித்தால் பெயிண்ட் ஏடு ஏடாக உரியும். அதனால் நல்ல வெயிலில் காயவைத்து, உப்புத்தாள் போட்டு லேசாகத் தேய்த்து, வெள்ளை பூசி, அதற்கப்புறம்தான் கலர். அக்ரிலிக் பெயிண்ட் முழுக்கக் காய்ந்த பிறகே வார்னிஷ். அதையும் ஒரே தடவையில் கனமாகப் பூசாமல் மெல்லிசாக இரண்டு தடவை. கோடு நடுங்கினால், "சுண்டுவிரலைக் கல்லுமேல ஊணும்மா, அதுதான் தூணு" என்பார். சொல்லிக்கொடுத்ததற்கு ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை. கடைசி நாள் அவருக்கு வேட்டி, துண்டு வைத்துக் கொடுத்தபோது அவர் கண் கலங்கியதை எங்களில் யாரும் மறக்க மாட்டோம்.

எங்கள் குழுவில் பாதிப் பேருக்கு மேல் பீடி சுற்றுகிறவர்கள். நாள் முழுக்க முறத்தை மடியில் வைத்து இலையும் தூளும் நூலுமாக உட்கார்ந்திருக்கும் கைகள். "எனக்கெல்லாம் படம் வரைய வராது" என்று ஒதுங்கி நின்ற அக்காமார்தான் தீக்குச்சி நுனியால் புள்ளி வைத்துச் சிக்குக் கோலத்தைக் கல்லில் அவ்வளவு நுணுக்கமாக இழுத்தார்கள். இலையை மடித்து நூல் கட்டிப் பழகிய விரல்களுக்கு அந்தச் சின்ன இடம் போதுமானதாக இருந்தது. சுற்றிய பீடியை ஒப்படைத்துவிட்டு, வீட்டில் உலையும் வைத்துவிட்டு வந்து வரைந்தார்கள். அந்த நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆச்சிமாருக்கும், "நீ போயிட்டு வா, சோறு நான் வடிச்சுக்கிறேன்" என்று சொன்ன வீட்டுக்காரர்களுக்கும் தனியாக ஒரு நன்றி. இது பெரிய உதவி. எத்தனையோ வீட்டில் கிடைக்காத உதவி.

பறவைகள் சரணாலயம் இருக்கும் கூந்தன்குளத்திலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்த தங்கச்சி பறவையாகவே வரைந்தாள். பூநாரை, பட்டைத்தலை வாத்து என்று ஒவ்வொன்றையும் பெயரோடு சொல்லுவாள். பட்டைத்தலை வாத்து இமயமலையைத் தாண்டி வருவது என்று அவள் சொல்லித்தான் எங்களில் பலருக்குத் தெரியும். மகன் துபாயில் இருக்கும் ஒரு ஆச்சி அந்தக் கல்லைத்தான் கேட்டு வாங்கிக்கொண்டார்.

இல்லத்தில் இருக்கும் ஐயா ஒருவருக்குக் கண் தெரியாது. அவருக்கு என்ன கொடுப்பது என்று யோசித்தபோது வழி சொன்னவர் பெயிண்ட் கடை அண்ணாச்சி. தண்ணீர் கலக்காமல் கெட்டியாகப் புள்ளி வைத்தால் காய்ந்ததும் மேடாக நிற்கும் என்றார். அப்படியே செய்தோம். ஐயா விரலால் தடவித் தடவி, "ஐந்து இதழ், நடுவுல ஒரு பொட்டு. பூவா?" என்று சரியாகச் சொன்னார். அண்ணாச்சி, பெயிண்டை அசல் விலைக்கே கொடுத்ததற்கும் சேர்த்து நன்றி.

கல்லை வைத்துக் கொடுக்கப் பனை ஓலைக் கொட்டான் முடைந்து தந்த ஆச்சிக்கு, காயவைக்க மொட்டை மாடியை விட்டுக்கொடுத்த மதினிக்கு, வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்க்க ஆட்டோ ஓட்டிய தம்பிக்கு, சாயங்காலம் உட்கார இடம் தந்த அங்கன்வாடி டீச்சருக்கு எங்கள் நன்றி.

ஆனித் தேரோட்டத்துக்கு முன்னால் இன்னொரு தடவை செய்யலாம் என்று இருக்கிறோம். இந்தத் தடவை தூய்மைப் பணியாளர்களுக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸம்மாக்களுக்கும் கொடுக்க ஆசை. வீடு கட்டி மிச்சமான வழுவழுப்பான கல், பாதி தீர்ந்த பெயிண்ட் டப்பா எதுவானாலும் அங்கன்வாடியில் கொடுத்துவிடுங்கள். வரையத் தெரியாதவர்கள் கட்டாயம் வாருங்கள், ஆர்ட்டிஸ்ட் அண்ணன் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். இரவல் வாங்கிய பாய்களையும் குழல்விளக்கையும் துடைத்து எடுத்து வைத்திருக்கிறோம், இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறோம்.

நன்றியுடன்,
மகளிர் குழுவினர்