கடையைக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போகும் அண்ணாவுக்கு

அன்புள்ள அண்ணா,

கடையைக் கொடுத்தாயிற்று என்று மச்சாள் சொல்லித்தான் தெரியும். நீங்களே சொல்லியிருக்கலாம். சரி, அது கிடக்கட்டும்.

1998இல் பிபிசி டூவில், இங்கிலாந்தில் வாழும் இந்திய வம்சாவளியினர் நடித்த 'குட்னஸ் கிரேஷியஸ் மீ' என்ற பகிடித் தொடர் ஓடத் தொடங்கிய காலம் ஞாபகம் இருக்கும். அதில் ஒரு காட்சி: பம்பாயில் இந்தியக் கூட்டமொன்று குடித்துவிட்டு ஆங்கிலேயச் சாப்பாட்டுக் கடைக்குள் நுழைகிறது. பரிமாறுகிற வெள்ளைக்காரரின் பெயரைக் கடித்துத் துப்புகிறது. இருப்பதிலேயே சப்பென்ற சாப்பாடு எது என்று கேட்கிறது. வார இறுதியில் பப் மூடியதும் கறி தின்ன வருகிறவர்களின் அட்டகாசம், அப்படியே திருப்பி. நான் கதிரையில் இருக்க முடியாமல் சிரித்தேன். பெற்றோல் செட்டில் இரவு வேலைக்குப் போக ஜாக்கெட் போட்டுக்கொண்டு நின்ற நீங்கள் சிரிக்கவில்லை. சுவரில் இருந்த பிளக்கையே இழுத்துவிட்டு, "நாளைக்கு இதே குரலில ஒருத்தன் வந்து என்னட்ட சிகரெட் கேட்பான்" என்றீர்கள்.

கேட்டான்.

அந்தத் தொடரின் தலைப்பே 1960இல் ஆங்கிலேய நடிகர் பீட்டர் செல்லர்ஸ் இந்திய டாக்டராகக் குரல் மாற்றிப் பாடிய பாட்டுத்தான். தொடரில் நடித்த மீரா சயால், சஞ்சீவ் பாஸ்கர் கூட்டம் அதைப் பறித்துத் திருப்பி அடித்தது. அடி விழுந்தது உண்மை. ஆனால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெறியில் நிற்கிறவனுக்குக் குரல் மட்டும்தான் போய்ச் சேர்ந்தது, இல்லையா? 2005இல் அமெரிக்காவின் கறுப்பின நகைச்சுவை நடிகர் டேவ் சப்பெல் தன் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கான 5 கோடி டாலர் ஒப்பந்தத்தை விட்டுவிட்டுத் தென்னாப்பிரிக்காவுக்குப் போனபோது உங்களைத்தான் நினைத்தேன். முகத்தில் கறுப்பு மை பூசி அவர் நடித்த ஒரு பகிடிக்கு, படப்பிடிப்பில் நின்ற வெள்ளைக்காரர் ஒருவர் சத்தமாக, நெடுநேரம் சிரித்தாராம். எதைப் பார்த்து இந்தச் சிரிப்பு என்று மனிதர் குழம்பிப்போனார்.

உங்களுக்கு நொந்ததற்கு மன்னிப்புக் கேட்கிறேன். சிரித்ததற்குக் கேட்க மாட்டேன். நான் வேலைசெய்த இடத்தில் என் பெயரைத் தங்கள் வசதிக்கு வெட்டிச் சுருக்கியவர்களுக்கு நடுவே, அதைப் பார்த்த மறுநாள் நான் கொஞ்சம் நிமிர்ந்து இருந்தேன். அது உங்களுக்கு விளங்கவேயில்லை.

அதோடு, இரவு முழுக்க அந்தக் குரலைக் கேட்டுவிட்டு விடிய வீட்டுக்கு வந்து, தேத்தண்ணியோடு நீங்கள் கறுப்பினத்தவரைப் பற்றி 'கறுவல்' பகிடி சொல்வீர்களே. கையை ஆட்டி, நடையை மாற்றி, எவ்வளவு நன்றாக நடிப்பீர்கள்! அப்போது எந்தப் பிளக்கை யார் இழுத்தது? அம்மா கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பா. நாங்களும்தான்.

என் மகளின் விசயத்தை இங்கே விரித்து எழுத முடியாது, நம் சனம் முழுக்க வாசிக்கும். ஊருக்குப் போக முதல் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வாருங்கள். ஒடியல் கூழ் காய்ச்சுகிறேன், நண்டும் போட்டு. அவளோடு ஒருவர் வருவார். அவருடைய அம்மா கானாவில் பிறந்தவர். உங்கள் பகிடி முழுவதையும் மகள் அவருக்கு முன்பே சொல்லி வைத்திருக்கிறாள்.

தங்கச்சி