அட்டாலியை இப்போதைக்குத் தொடாதே

அன்புள்ள அம்மிணிக்கு,

"ஞாயித்துக்கெழம பூராவும் ஊட்டை ஒதுக்கியே போயிருது, பொதங்கெழமைக்கு மறுபடி அதே கோலம்" என்று எழுதியிருந்தாய். பொங்கல் காப்புக்கட்டுக்கு முந்தின வாரம் செய்வதுபோல அட்டாலியில், அதாவது பரணில் ஏறி எல்லாவற்றையும் இறக்கி, தூசி தட்டி, திரும்ப ஏற்றினால் அப்படித்தான் ஆகும். அட்டாலியில் கவிழ்ந்திருக்கும் அண்டா வருசத்துக்கு இரண்டு தடவை இறங்குகிற சாமான். அது உன் நேரத்தில் கைவைப்பதே இல்லை. காலையில் ஆறரைக்கும் எட்டுக்கும் நடுவே உன் கை போகிற இடங்கள்தான் நேரத்தைத் தின்கின்றன.

ஒரு நாள் அரிசிம்பருப்புச் சாதம் வைக்கும்போது எண்ணிப் பார். குக்கர், அரிசி, துவரம்பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி, கடுகு, சீரகம், வரமிளகாய், மஞ்சள்தூள், உப்பு, எண்ணெய். மொத்தம் 12. ஒவ்வொன்றையும் எடுக்க வேறு எத்தனை சாமானை நகர்த்தினாயோ, கிழித்த காலண்டர் தாளின் பின்னால் அத்தனை கோடு போடு. குக்கரின் மேல் இட்லிச் சட்டி, அதற்குள் வடிதட்டு, சீரகத்துக்கு முன்னால் மூன்று டப்பா. நகர்த்தியதைத் திருப்பி வைப்பதும் ஒரு வேலை, ஆக கோடு ஒன்றுக்குச் சோலி இரண்டு. அதிகமாகக் கோடு விழுந்த அலமாரித் தட்டில் ஆரம்பி.

ஒரு தடவைக்கு ஒரு தட்டு, 25 நிமிடம், போனில் அலாரம். தட்டை முழுசாகக் காலி செய்து துடைத்துவிட்டு, இங்கேயே இருக்க வேண்டியது, வேறு இடத்துக்குப் போக வேண்டியது, வீட்டை விட்டே போக வேண்டியது என்று பிரி. சறுக்குவது இரண்டாவதில்தான். அடுக்களையில் கிடந்த ஸ்குரூ டிரைவரை வைக்க முன்ரூமுக்குப் போவாய், அங்கே மேசை கண்ணை உறுத்தும், அதை ஒதுக்க உட்கார்ந்துவிடுவாய். இங்கே பாதி, அங்கே பாதி. அதனால் அந்த வகையை எல்லாம் ஒரு கூடையில் போட்டுக்கொண்டே வா. அலாரம் அடித்த பிறகு ஒரே நடை.

டப்பாக்களைக் கழிக்க யோசனையே வேண்டாம். மூடியோடு ஜோடி சேராதது போகட்டும், ஓட்டல் பார்சலில் வந்ததும் போகட்டும். குக்கர் கேஸ்கெட் மூன்று ஆணியில் தொங்குமே, ஒவ்வொன்றாக மாட்டிப் பார். ஓரத்தில் ஆவி கசிந்து விசில் வராமல் போனால் அது தளர்ந்துவிட்டது. நல்லதில் ஒன்று மட்டும் உபரியாக இருக்கட்டும். நாலு பேர் இருக்கிற வீட்டில் கைக்கு எட்டுகிற இடத்தில் எட்டு வட்டல் (சாப்பாட்டுத் தட்டு), எட்டு டம்ளர் போதும். 20 டம்ளர் கைக்கு எட்டினால் சாயங்காலம் இருபதும் சிங்க்கில் கிடக்கும், யாரும் கழுவி எடுத்துக் குடிக்க மாட்டார்கள். மொய்யில் வந்த, பேர் வெட்டின போசிகளைப் பாத்திரக்கடையில் எடை போட்டு எடுத்துக்கொள்வார்கள். அந்தக் காசுக்கு அங்கேயே இன்னொரு போசி வாங்கிவிடாதே.

கொள்ளு, தட்டைப்பயறு, ராகி வைக்கும் டின்களில் ஒன்று எப்போதும் காலியாக இருக்க வேண்டும். இது மட்டும் வெட்டி இடமில்லை. புதுப் பயறு வந்ததும் பழசைக் காலி டின்னில் கொட்டி, புதுசை அடியில் போட்டு, பழசை மேலே போட வேண்டும். அப்படியே மேலாகக் கொட்டினால் அடியில் கிடப்பதில் வண்டு பிடித்து, புதுசிலும் முட்டை வைக்கும். பிறகு ஒரு ஞாயிறு முழுக்கப் புடைக்க வேண்டியதுதான்.

துணிக்குக் கணக்கு சுலபம். கட்டில் ஒன்றுக்கு விரிப்பு மூன்று: ஒன்று கட்டிலில், ஒன்று துவைக்க, ஒன்று அலமாரியில். திருப்பூர் காதர்பேட்டை பனியன் சந்தை பக்கத்தில் இருப்பதால் உங்கள் வீட்டில் பனியனுக்குப் பஞ்சமே இருக்காது. பழசை வெட்டித் துடைக்க ஆறு துண்டு வை. மூட்டையாகச் சேர்த்தால் துடைக்கிற துணியே குப்பை.

காகிதத்தில் மட்டும் அவசரப்படாதே. கிரையப்பத்திரம், அதற்கு முந்தின தாய்ப்பத்திரம் எவ்வளவு மங்கியிருந்தாலும் எடுத்து வை. கடனுக்கோ விற்பனைக்கோ போனால் வக்கீல் அதைத்தான் கேட்பார். நிலத்தின் சிட்டாவை வேண்டும்போது அரசு இணையதளத்தில் எடுத்துக்கொள்ளலாம், பழைய நகல்கள் கட்டுக்கட்டாய்த் தேவையில்லை.

முடிவு செய்ய முடியாததை ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு ஒட்டி, மேலே தேதி எழுது. காப்புக்கட்டுக்கு ஒட்டினால் ஆடி 18 வரைக்கும் பார். நடுவில் பிரிக்கவே இல்லையென்றால் பிரிக்காமலே கொடுத்துவிடு. பிரித்தால் பாதி திரும்ப உள்ளே வந்துவிடும். பொங்கல் பானை, ரெயின்கோட் மாதிரி பருவத்துக்கு எடுப்பவை இந்தப் பெட்டிக்குள் வரக்கூடாது.

கழித்ததை வாசல் மூலையில் சாக்கில் வைத்தாலும் இதே கதைதான், நாலு நாளில் ஒவ்வொன்றாகத் திரும்பி வரும். பழைய இரும்பு, பேப்பர் எடுப்பவர் வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம் வேலையை வைத்துக்கொள். ஒதுக்கி வைக்க என்று புதுக்கூடை, அடுக்கு டப்பா எதுவும் முதலில் வாங்காதே, கழித்து முடித்தால் பாதிக்குத் தேவையே இருக்காது.

உங்கத்தையின் பித்தளைக் குண்டாவைப் பற்றிக் கேட்டிருந்தாய். அது அவர் பொருள், போகச் சொல்ல வேண்டியவரும் அவரே. அது அட்டாலியிலேயே இருக்கட்டும், அதற்காக ஒரு கோடும் விழப்போவதில்லையே. இரண்டு வாரம் கழித்து அதே அரிசிம்பருப்பு வைத்து, எத்தனை கோடு என்று எழுது.

அன்புடன்,
பெரியம்மா